பெயர் சொல்லி நன்றி: காக்கை, பனை, கீரைத் தொட்டி வழியே குடும்ப ஜெபம்

இராத்திரி எட்டு மணிக் குடும்ப ஜெபம் பல வீடுகளில் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. ஒரு பாட்டு, தினதியானப் புத்தகத்தில் அன்றைய பக்கம், பிறகு அப்பாவின் ஜெபம். "இம்மட்டும் காத்து நடத்திவந்த கிருபைக்காக ஸ்தோத்திரம்" என்று அவர் தொடங்கும்போதே சின்னவன் சாய்ந்துவிடுவான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வாக்கியத்தில் கண்ணுக்குப் பிடிபட ஒன்றும் இல்லை. யார் வீட்டிலும், எந்த நாளிலும், எதையும் பார்க்காமலே அதைச் சொல்லிவிடலாம்.

104-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். 35 வசனங்களுக்குள் நீரூற்று, காட்டுக்கழுதை, புல், எண்ணெய், அப்பம், கொக்கு, வரையாடு, பாலசிங்கம், கப்பல், லிவியாதான் என்னும் கடல்மிருகம் எல்லாம் வந்துவிடுகின்றன. நடுவே 23-ஆம் வசனத்தில் வேலைக்கும் பண்ணைக்கும் புறப்படுகிற மனுஷனும் நடந்து போகிறான். காடும் கடலும் கூலி வேலையும் அங்கே ஒரே பட்டியல். பாடியவர் எல்லாவற்றையும் பெயர் சொல்லித்தான் துதிக்கிறார். இந்த வழிகாட்டியில் உள்ளதும் அந்தப் பழக்கம்தான்: வாரத்தில் ஒரு நாள் ஜெபத்தை வெளியே எடுத்துப் போவது, பார்த்ததற்கும் பெற்றதற்கும் பெயர் சொல்லி நன்றி சொல்வது, அதைக் கீரைத் தொட்டியிலும், விளைச்சலைச் சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுபோகும் ஸ்தோத்திரப் பண்டிகைக் கூடையிலும் கொண்டு போய்ச் சேர்ப்பது.

படி 1: நாளும் நேரமும்

வாரத்தில் ஒரே ஒரு நாள் போதும். மற்ற ஆறு நாளும் வழக்கமான ஜெபம் நடக்கட்டும். ஏழு நாளையும் மாற்றப் போனால் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் களைத்திருக்கும் மதியம் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி பொருத்தமானது. வெயில் தணிந்திருக்கும், பறவைகள் அடையத் திரும்பும், கொசு இன்னும் கிளம்பியிருக்காது. ஆறேகாலைத் தாண்டினால் கொசுக்கடியில் ஜெபம் சுருங்கிவிடும்.

இடத்துக்காகத் தோட்டம் தேட வேண்டாம். மொட்டை மாடி, திண்ணை, குளத்தங்கரை, சபைக் கோயில் வளாகத்து வேப்பமரத்தடி, அடுக்குமாடியில் பால்கனி, எதுவானாலும் சரி. ஆனால் ஆறு மாதமாவது ஒரே இடத்துக்குப் போங்கள். வாரம் ஒரு புது இடமென்றால் அது சுற்றுலா. ஒரே மரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் அது பூத்ததும் உதிர்ந்ததும் தெரியவரும்.

மொத்தம் 15 நிமிடம். முதல் 5 நிமிடம் பேச்சில்லாமல் பார்ப்பது. அடுத்த 3 நிமிடம், பார்த்ததை ஆளுக்கு ஒன்றாகச் சொல்வது. பிறகு வேதப் பகுதி, பத்து வசனத்துக்கு மிகாமல். ஒரு சரணம் பாட்டு. மீதி ஜெபம். நேரம் பார்க்கும் பொறுப்பை வீட்டில் மிகச் சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள், தயவுதாட்சண்யம் இல்லாமல் பார்த்துக்கொள்வார்கள். நாலு வயதுக்காரருக்கு 5 நிமிட மௌனம் முடியாது. இரண்டு நிமிடத்தில் தொடங்கி மாதத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

தேவையான பொருள் அதிகமில்லை: பாய், அச்சடித்த வேதாகமம், 100 பக்க நோட்டு ஒன்று, பென்சில். மழைக்கு நனைந்தால் பேனா மை ஊறிவிடும், அதனால் பென்சில்தான் நல்லது. போனில் வேதாகமம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதே திரையில் வாட்ஸ்அப்பும் இருக்கிறது.

இன்னொன்று. வீட்டில் ஒருவர் கத்தோலிக்கராகவும் மற்றவர் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆகவும் இருக்கலாம். ஒருவருக்கு ஆண்டவர், கடவுள் என்று பழக்கம், மற்றவருக்குக் கர்த்தர், தேவன். ஒரே அமர்வில் இரண்டு மொழிபெயர்ப்பையும் கலந்து வாசித்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். ஒரு வாரம் பழைய மொழிபெயர்ப்பு, மறு வாரம் புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் என்று மாற்றிக்கொள்ளலாம். கீழே வரும் சொற்கள் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

படி 2: எதைப் பார்ப்பது

"இயற்கையைப் பாருங்கள்" என்றால் பிள்ளைகள் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு "அழகா இருக்கு" என்பார்கள். அத்தோடு முடிந்தது. ஆகவே வாரத்துக்கு ஒன்றே ஒன்று. வேதத்திலும் இருக்க வேண்டும், தெருவிலும் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் தமிழ் வேதாகமம் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கை கொடுக்கிறது.

காக்கையிலிருந்து தொடங்குங்கள். லூக்கா 12:24-இல் "காகங்களைக் கவனித்துப் பாருங்கள்" என்று இயேசு சொல்கிறார். நம் ஊரில் கழுத்து சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக்காக்கை, முழுக் கறுப்பு அண்டங்காக்கை. முதல் வாரம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கட்டும். அடுத்த வாரம், வாயில் என்ன கொண்டுபோகிறது என்று பார்க்கட்டும். கோடையில் சுள்ளியும் கம்பித் துண்டும் போகும், கூடு கட்டும் காலம். அதே வசனம் காகங்களுக்குக் களஞ்சியம் இல்லை என்கிறது. வடைத் துண்டை ஓட்டு இடுக்கில் காக்கை செருகி வைப்பதைப் பார்த்த பிள்ளை, "களஞ்சியம் வச்சிருக்கே!" என்று கேட்கும். கேட்கட்டும். வசனம் சொல்வது நாளைய கவலையைப் பற்றி. காக்கை நாளைக்கென்று குதிர் கட்டி, அதற்குப் பூட்டுப் போட்டு, தூக்கம் கெட்டுக் கிடப்பதில்லை. அந்தக் கேள்வியை அதட்டி அடக்கினால், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை எதையும் உற்றுப் பார்க்காது.

அடைக்கலான் குருவி மத்தேயு 10:29-இல் வருகிறது, நம் சிட்டுக்குருவிதான். ஒரு காசுக்கு இரண்டு. சந்தையிலேயே மிக மலிவான சரக்கைத்தான் பிதாவின் கவனிப்புக்கு உதாரணமாக இயேசு எடுக்கிறார் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். குருவி கண்ணில் படாத தெருவானால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

தகைவிலான் குருவியிடம் நிதானமாக நில்லுங்கள். சங்கீதம் 84:3-இல் கர்த்தருடைய பீடங்களண்டை கூடு கிடைத்ததும், எரேமியா 8:7-இல் வரத்தக்க காலத்தை அறிந்ததும் இந்தப் பறவைதான். புரட்டாசி, ஐப்பசியில் மின்கம்பிகளில் வரிசையாக வந்து உட்காரும், பங்குனி, சித்திரைக்குள் வடக்கே திரும்பிவிடும். பலரும் இதையும் பனை உழவாரனையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பிரித்தறிவது சுலபம்: கம்பியில் உட்கார்ந்திருந்தால் தகைவிலான். உழவாரனின் கால் கம்பியில் உட்காரத் தோதில்லாதது, பனையோலையின் அடிப்புறத்தில் தொற்றிக்கொள்ள மட்டுமே உதவும். முதல் தகைவிலான் வந்த தேதியை எழுதி வையுங்கள். மறு வருஷம் அதே மாதத்தில் கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே எரேமியாவை வாசிக்கும்போது, அந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. அதே வசனத்தில் நாரையும் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்தவர்கள் ஒரு விடுமுறைக் காலையில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம். நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டும். எச்சமும் வாடையும் இருந்தும் ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. விருந்தோம்பல் பற்றிய பிரசங்கம் அந்த மரத்தடியில் கிடக்கிறது.

பனை. "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்பது சங்கீதம் 92:12. எபிரெயத்தில் அது பேரீச்சை. நம் மொழிபெயர்ப்பில் பனை. பிழை என்று வாதாடுவோர் உண்டு, ஆனால் தேரிச் செம்மணலில் பனையை நம்பி வாழ்ந்த சபைகளுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பக்கத்தில் வந்து நின்றிருக்கும்! இரண்டுமே மெதுவாக வளர்பவை, இரண்டிலும் ஆண் வேறு பெண் வேறு. பனை காய்க்கப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். 14-ஆம் வசனம் "முதிர்வயதிலும் கனி" என்கிறது, ஆகவே இந்த வாரம் வாசிப்பது ஆச்சியோ தாத்தாவோ ஆகட்டும். ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழத்தின் கொட்டையைக் குளத்தங்கரையில் ஊன்றலாம். கரைக்குப் பொறுப்பானவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அரை அடி ஆழம், கொட்டைக்குக் கொட்டை பத்தடி. தொட்டியில் வைக்காதீர்கள்: முளை முதலில் கீழ்நோக்கித்தான் போகும், அதுதான் பனங்கிழங்கு. மேலே ஓலை தெரியப் பல மாதம் ஆகும். "ஒண்ணும் வரலையே" என்று தோண்டிப் பார்ப்பதால்தான் பாதிக் கொட்டைகள் சாகின்றன.

வளர்ந்த பிள்ளைகளுக்குக் காக்கை சலித்துவிடும். அவர்களிடம் யோபு 38:31-ஐக் கொடுங்கள். அதில் அறுமீனும் மிருகசீரிஷமும் வருகின்றன. கிறிஸ்துமஸ் வாரத்தில் இரவு எட்டு மணிக்கு மாடியில் கிழக்கே பார்த்து நின்றால், சாய்வாக வரிசைகட்டிய மூன்று நட்சத்திரம் மிருகசீரிஷத்தின் இடுப்பு. உச்சிக்குச் சற்றுக் கிழக்கே சின்னக் கொத்தாக மினுங்குவது அறுமீன், நாம் கார்த்திகை என்பது. எத்தனை எண்ண முடிகிறது என்று ஆளாளுக்குச் சொல்லட்டும். ஆறு எண்ணினால் கண் நன்றாக இருக்கிறது. தெருவிளக்கு மறைக்கும் பக்கமாக நிற்க வேண்டும், கண் பழகப் பத்து நிமிடம் போனைத் திறக்கக் கூடாது.

வரையாடு சங்கீதம் 104:18-இலும் யோபு 39:1-இலும் இருக்கிறது. மூலத்தில் அது பாலஸ்தீனத்து மலையாடு. நம் வரையாடு அதற்குத் தூரத்து உறவு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. வால்பாறைக்கோ மூணாறுக்கோ போகும் வருஷம் அந்தப் பக்கத்தைக் குறித்து எடுத்துப் போங்கள். எறும்புக்கு நீதிமொழிகள் 6:6. இதற்குப் பயணச் செலவே இல்லை, சர்க்கரை டப்பாவைத் திறந்தால் போதும்.

படி 3: நன்றியை வாக்கியமாக்குவது

நோட்டில் ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம். மேலே தேதி, கீழே ஆளுக்கு ஒரு வரி. வரியில் மூன்று இருக்க வேண்டும்: எது, எங்கே, யார் வழியாக. "நல்ல மழைக்காக நன்றி" என்பது தேறாது. "புதன் இராத்திரி பெய்த மழையில் கிணற்றில் இரண்டு உறை தண்ணீர் ஏறியதற்காக நன்றி" தேறும். "சாப்பாட்டுக்காக" தேறாது. "கரண்ட் இல்லாத அன்று அம்மியில் அரைத்த தேங்காய்த் துவையலுக்காக, அரைத்த சித்திக்காக" தேறும். "யார் வழியாக" என்ற மூன்றாவது பகுதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் நன்றி வானத்துக்கு நேராகப் போய், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் தாண்டிவிடுகிறது.

நம் வீடுகளில் உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். கடைக்காரரிடம் "தேங்க்ஸ்" சொல்வோம், அம்மாவிடம் சொல்ல மாட்டோம். "நன்றி அம்மா" என்று சொன்னால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும், சொல்பவருக்கும் கூச்சம், கேட்பவருக்கும் கூச்சம். அதை வற்புறுத்தாதீர்கள். ஜெபத்தில் அந்த ஆள் காதுபட அந்த வேலையைச் சொன்னால் போதும்: "ஆண்டவரே, அஞ்சு மணிக்கே எந்திரிச்சு அம்மா டிபன் கட்டுனதுக்காக ஸ்தோத்திரம்." பேச்சுமொழியிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் பெரியவர்களின் ஜெபநடையைப் போலி செய்ய ஆரம்பித்தால், அவர்கள் பார்த்ததை விட்டுவிட்டுக் கேட்டதைச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜெபத்தைக் கண்டிப்புக்குப் பயன்படுத்துவது தவிர்க்க வேண்டிய முதல் பிழை. "ஆண்டவரே, இவன் போனையே நோண்டிக்கிட்டு இருக்கான், நல்ல புத்தியைக் கொடும்" என்று எல்லாருக்கும் முன்னால் ஜெபிக்கும்போது, பிள்ளைக்குப் பதில் பேசவும் வழியில்லை, கண்ணைத் திறக்கவும் வழியில்லை. அவனிடம் சொல்ல வேண்டியதை ஜெபத்துக்கு முன்னாலோ பின்னாலோ அவனிடமே சொல்லுங்கள்.

லூக்கா 17:11–19-இல் பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் அந்நியனான சமாரியன். நோட்டில் மாதக் கடைசி வாரத்தை "திரும்பிப் போகும் வாரம்" என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மாதம் பெயர் எழுதியவர்களில் வெளியாள் ஒருவரிடம், அதாவது பள்ளி வேன் ஓட்டுநரோ, குடிநீர் வாரிய ஊழியரோ, அடுத்த வீட்டு அக்காவோ, குடும்பமாக நேரில் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வர வேண்டும். ஐந்து நிமிட வேலை. கையில் சீப்பு வாழைப்பழம் இருந்தால் பேச்சு சுலபமாகும்.

படி 4: கீரைத் தொட்டி, நான்கு ஞாயிறு

சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை, அறுப்பின் பண்டிகை, அசனம் என எந்தப் பெயரில் நடந்தாலும், அன்றைக்குக் கடையில் வாங்கிய பூசணியைத் தூக்கிப் போவதுதான் நகரத்து வழக்கமாகிவிட்டது. உபாகமம் 26:2 கேட்பது நிலத்தின் கனியில் முதற்பலனை. நிலம் இல்லாதவருக்கும் 28 நாளில் கைக்கு வருவது கீரை. பண்டிகைத் தேதியை உபதேசியாரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அதற்கு நான்கு ஞாயிறு முன்பு விதையுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தொட்டியிலும் விதைத்து வையுங்கள். முதல் தொட்டி கெட்டால் இரண்டாவது இளங்கீரையாகவாவது நிற்கும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், அரையடி உயரத் தொட்டி. அடியில் எட்டுப் பத்துத் துளை. கலவைக்கு 10 லிட்டர் வாளியில் செம்மண், மட்கிய தொழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் முக்கால் வாளி வீதம். மேலே ஓரங்குலம் காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் விதையை அடித்துக்கொண்டு வெளியே போகும். நார்க்கழிவுக் கட்டியை அப்படியே கலக்காதீர்கள், அதில் உப்பு இருக்கும். ஊறவைத்தால் டீ நிறத்தில் சாயம் இறங்கும். மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே கலவையில் சேரும். தொழு உரம் முழுக்க மட்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் மண்வாசனை வரவேண்டும், சாண வாடை வந்தால் பொறுங்கள். பச்சைச் சாணம் சூடேறி வேரைக் கருக்கிவிடும்.

சிறுகீரை அல்லது தண்டுக்கீரை விதை இரண்டு சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம். கடுகைவிடச் சின்ன விதை, கை தானாகவே அள்ளிப் போட்டுவிடும். ஒரு கை உலர்ந்த மெல்லிய மணலில் கலந்து தூவினால் சீராக விழும். மேலே மணல் மெல்லிசாக மூடினால் போதும், ஆழம் போனால் முளைக்காது. இரண்டாம் நாளே எறும்பு வரிசை வந்து விதையைச் சுமந்துபோகும். தொட்டிக்கு வெளியே கொஞ்சம் நொய்யரிசி தூவுங்கள், எறும்பு அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். நீதிமொழிகளில் பாராட்டிய எறும்பை இங்கே மருந்து வைத்துக் கொல்வதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

தண்ணீர் பூவாளியில், காலையில் ஒருமுறை. குழாயை நேராகப் பிடித்தால் விதை ஒரு மூலையில் குவியும். மூன்று முதல் ஐந்து நாளில் முளை தெரியும். அந்த வாரம் மாற்கு 4:26–29: விதைத்தவன் தூங்கி எழுந்திருக்க, அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைக்கிறது. இரண்டாம் வாரம் 1 கொரிந்தியர் 3:6, நட்டவன் ஒருவன், நீர்ப்பாய்ச்சினவன் ஒருவன், விளையச்செய்தவர் தேவன். இந்த வாரத்தில்தான் நாற்றுகள் கழுத்தில் துவண்டு கொத்துக் கொத்தாகச் சாயக்கூடும். அது நாற்றழுகல். நெருக்கமும் ஈரமும்தான் காரணம். சாய்ந்ததைப் பிடுங்கிவிட்டு ஒருநாள் தண்ணீரை நிறுத்துங்கள். பன்னிரண்டாம் நாள், இரண்டு விரல் இடைவெளி வரும்படி கலைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு மனசு வராது. பிடுங்கியதை அன்றைய பருப்பில் போட்டால் சமாதானமாகிவிடுவார்கள்.

மூன்றாம் வாரம் மத்தேயு 13:24–30, களைகளின் உவமை. அதில் களையைப் பிடுங்க வேண்டாம் என்று எஜமான் சொல்லியிருக்க, நாம் பிடுங்கிக்கொண்டிருப்போம். யாராவது கேட்பார்கள். உவமை மனிதரைத் தீர்ப்பதைப் பற்றியது, கீரைத் தொட்டியைப் பற்றியதல்ல என்று சொல்லிவிட்டுக் களையை எடுங்கள். இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் வெண்துரு, அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். ஓட்டை விழுந்தால் புழு, சாயங்காலம் கையால் பொறுக்கலாம். ஒரு வாரத்தில் தின்னப்போகிற கீரைக்கு எந்தத் தெளிப்பும் வேண்டாம்.

நான்காம் வாரம் உபாகமம் 26:1–11 முழுவதும். அந்தப் பகுதியில் கூடையைக் கொடுத்தவன் சும்மா போவதில்லை. என் தகப்பன் எங்கிருந்து வந்தான், எகிப்தில் எப்படிக் கஷ்டப்பட்டான், எப்படி இங்கே வந்தோம் என்று தன் குடும்ப வரலாற்றைச் சொல்கிறான். சனிக்கிழமை அதையே உங்கள் வீட்டுக்குச் சொல்லுங்கள், ஐந்தே வாக்கியத்தில், வீட்டில் மூத்தவர் வாயால். தாத்தா பனையேறியதோ, தேயிலைத் தோட்டத்தில் பிறந்து 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்ததோ, கடன்பட்டதோ, வீட்டில் முதலில் ஞானஸ்நானம் பெற்றது யார் என்பதோ, எதையும் பூசி மெழுக வேண்டாம். கஷ்டத்தை மறைத்துவிட்டு நன்றி மட்டும் சொன்னால், எதிலிருந்து மீட்கப்பட்டோம் என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போகும்.

அறுவடை ஞாயிறு காலை ஆறு மணிக்கு. கத்தியால் வெட்டாமல் வேரோடு பிடுங்கி, வேர்மண்ணை அலசி, கைப்பிடிக் கட்டுகளாக வாழைநாரால் கட்டி, வேர் மட்டும் தண்ணீரில் நிற்கும்படி சின்ன வாளியில் கொண்டு போங்கள். வெட்டிய கீரை ஒன்பது மணி ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களின் ஏலம் வரும்போது துவண்டு கிடக்கும், வேரோடு நிற்பது மதியம்வரை தாங்கும். எல்லாவற்றையும் பிடுங்கிவிடவும் வேண்டாம். லேவியராகமம் 19:9 வயலோரத்தைத் தீர அறுக்கக் கூடாது என்கிறது. தொட்டியின் ஒரு மூலையை அடுத்த வீட்டுக்காரருக்கு விட்டுவையுங்கள், அவர்களே வந்து பிடுங்கிக்கொள்ளட்டும்.

ஏலத்தில் ஒரு வாழைத்தார் சந்தை விலையைப்போல் பல மடங்குக்குப் போகும், உங்கள் கீரைக்கட்டு இருபது ரூபாயோடு நிற்கும். பிள்ளையின் முகம் சுருங்கும். கட்டை யார் எடுத்தார்கள் என்று பார்த்து, அவர்களிடம் போய், "இது நான் வளர்த்தது" என்று சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகு விலை நினைவில் இருக்காது.

தொட்டி அடியோடு கெட்டுப்போனால்? கடையில் வாங்கி ஈடுகட்டாதீர்கள். ஆபகூக் 3:17–18-ஐ வாசியுங்கள். அத்திமரம் துளிர்விடவில்லை, வயல்கள் தானியத்தை விளைவிக்கவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை. அதிலும் எல்லாம் பெயர் சொல்லித்தான் வருகிறது, இல்லாதவற்றின் பட்டியலாக. நோட்டில் கெட்ட காரணத்தை எழுதுங்கள்: உப்பு, எறும்பு, அடைமழை. அடுத்த முறைக்கு அந்தப் பக்கம்தான் உதவும்.

படி 5: இயற்கை அடித்த வீட்டில்

கடற்கரை ஊர்களில் இந்த வழிகாட்டியை அப்படியே பின்பற்ற முடியாது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமி அன்றுதான் வந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் குமரிக் கடலோரத்து மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அந்த வீடுகளில் போய்க் கடலின் அழகுக்காக நன்றி சொல்லச் சொல்வது கொடுமை. "எல்லாம் நன்மைக்கே" என்பதையும் வெளியாள் சொல்லக் கூடாது.

அங்கே முதலில் வாசிக்க வேண்டியது புலம்பல் சங்கீதங்கள். 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருளோடேயே முடிகிறது, ஆறுதல் வசனம் ஒன்றுமில்லை. அதுவும் வேதம்தான். வாசித்துவிட்டு, போனவரின் பெயரைச் சொல்லி, அவர் விரும்பியது ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்ளலாம்: அவர் பிடித்து வந்த மீன், அவர் பழுது பார்த்த வலை. நோட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தாலும் தேதி எழுதுங்கள். வருஷங்கள் கழித்து நன்றி தானாக வந்தால் வரட்டும்.

வீட்டில் ஒருவர் நோயில் கிடக்கும் மாதங்களுக்கும் இதேதான். வெளியே போக முடியாதபோது ஜன்னலோரம் ஒரு தொட்டி போதும். வெந்தயத்தை இராத்திரி ஊறவைத்து விதைத்தால் மூன்று நாளில் முளைக்கும், படுத்தபடியே பார்க்கலாம். முருங்கையை வெட்டிவிட்ட வீட்டில் யோபு 14:7 பொருந்தும்: வெட்டிப்போட்டாலும் மரத்துக்குத் திரும்பத் தழைக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் அடுத்த மூன்று வசனங்களையும் சேர்த்தே வாசியுங்கள். மனுஷனுக்கு அப்படி இல்லையே என்றுதான் யோபு அங்கே அழுகிறான், அதை மறைத்து ஒரு வசனத்தை மட்டும் கிள்ளி எடுத்தால் நோயாளிக்கே தெரிந்துவிடும்.

வருஷ ஓட்டம்

குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையை வீசிவிடாமல் நோட்டின் அட்டையில் செருகுங்கள், மறு வருஷச் சாம்பல் புதனுக்கு அது காய்ந்து பழுத்திருக்கும். ஆடியில் விதை எடுத்து வையுங்கள், ஐப்பசி அடைமழையில் திறந்த மாடியில் கீரை போடாதீர்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு, கல்லறையில் முளைத்த புல்லைக் குடும்பமாகச் செதுக்கிவிட்டு சங்கீதம் 103:15-ஐ அங்கேயே வாசிக்கலாம். கையில் புல் இருக்கும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் கிளம்பும் முன், ஒன்பதரை மணிக்கு நோட்டை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசியுங்கள். ஒரு வரியையும் விடாமல் மாற்றி மாற்றி வாசித்தால் இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். கையெழுத்து புரியாத இடத்தில் எழுதியவரையே கேளுங்கள். பிறகு 136-ஆம் சங்கீதம்: அதில் 26 வசனங்கள், ஒவ்வொன்றிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வரும். ஒருவர் நோட்டிலிருந்து ஒரு வரி, மற்றவர்கள் அந்தப் பதில். "கிணற்றில் இரண்டு உறை தண்ணீர் ஏறியது." "அவர் கிருபை என்றுமுள்ளது." "தகைவிலான் அக்டோபர் 4-ஆம் தேதி வந்தது." "அவர் கிருபை என்றுமுள்ளது." 26 வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கோயில் மணி அடித்துவிடும். புது நோட்டில் முதல் சனிக்கிழமைத் தேதியை எழுதி, பென்சிலைச் சீவி உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பலாம்.